போட்டுப் பட்டறையில் கட்டிய கார்

1

நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த காலையில், நான் என் காருக்குள்ளிருந்து தண்ணீர் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் குளியலறை பக்கெட். போன வருடம் இதே நாளில் என் மனைவி கௌரி, விமானம் இறங்கிய நாள் என்று கேசரி கிண்டினாள். இந்த வருடம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இன்னும் எத்தினி பக்கெட்டு கீதாம்?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு ரான் நாயைக் கூட்டிக்கொண்டு போனவர் நின்றார். காரை எட்டிப் பார்த்தார். "மீன் ஏதாவது மாட்டியதா?" என்றார். இந்த ஊர் ஆட்கள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிண்டல் பண்ணுவார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்பது பன்னிரண்டு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குச் சிரிக்கிற நிலைமையிலும் நான் இல்லை.

அது கடையில் வாங்கிய கார் இல்லை. நானும் என் மகள் தாரணியும் சேர்ந்து செய்தது. மேலே கூரை கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது, காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். தாரணியின் புத்தகப் பெட்டிகளை அடுக்குவதற்காக முந்தின நாள் காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி வைத்திருந்தேன். இரவு முழுக்க மழை. விடிந்து பார்த்தால் சீட்டு மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. ஒரு பொட்டு கீழே ஒழுகவில்லை.

நான்கு நாளில் அரசாங்கச் சான்று தருகிற பரிசோதகர் வருவார். ஒன்பது நாளில் தாரணி படிப்புக்காகத் தெற்குத் தீவில் இருக்கிற டுனீடினுக்குப் போய்விடுவாள். சான்று கிடைத்தால்தான் நம்பர் பிளேட், பிளேட் இருந்தால்தான் ரோட்டில் இறக்க முடியும். அவள் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காரில் கடலோர ரோட்டில் போய்வர வேண்டும். அந்த ஒரு வருடத்தில் நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

2

இந்த மாதிரிக் காருக்கு ஹாட் ராட் என்று பெயர், அப்படியென்றால் என்னவென்று ஊரில் கேட்கிறார்கள். போன நூற்றாண்டின் முப்பதுகளில் வந்த கார் போன்ற உடம்பு. மட்கார்டு இருக்காது, சக்கரம் நான்கும் அம்மணமாக வெளியே தெரியும், முன்பக்கம் தணிந்தும் பின்பக்கம் தூக்கியும் இருக்கும். உள்ளே அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய எஞ்சின். ஒரு உபயோகமும் இல்லை. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

இதெல்லாம் எனக்கே தெரியாது. நான் திருவொற்றியூர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்ததும் காத்திவாக்கத்தில் ஃபைபர் போட்டு, அதாவது மீன்பிடிப் படகு, கட்டுகிற பட்டறையில் சேர்ந்தவன். கௌரி புளியந்தோப்புப் பெண், நர்ஸ். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு டௌரங்கா என்கிற இந்தத் துறைமுக ஊருக்கு வந்து, ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிழைப்பு முழுக்கத் தண்ணீரோடுதான். ஊரில் உள்ளே வரக் கூடாது, இங்கே வெளியே போகக் கூடாது.

தாரணிக்கு அப்போது ஆறு வயது. வாயைத் திறந்தால் எங்கள் ஏரியா பேச்சுதான். மறு வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டோம். முதல் நாளே, "டீச்சர், இன்னா எழுதிகினு கீறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். அதெல்லாம் சினிமாவில் ரவுடிகள் பேசுகிற பேச்சு, வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்கத் தெரியாது. மறுவாரம் போய், "நாங்க வூட்ல அப்டித்தான் பேசுவோம், இன்னாங்கறீங்க இப்போ?" என்று சத்தம் போட்டுவிட்டு, குழந்தையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன சாதித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவளுக்கு எழுத்தும் வரவில்லை, இருந்த பேச்சும் நின்றது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் டாட் என்று ஆரம்பித்தாள். வளர வளர அந்த ஆங்கிலமும் குறைந்தது. பதினாறு வயதில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சாப்பாடு போதும், சார்ஜர் எங்கே, கதவைச் சாத்துங்கள்.

அந்த வருடம் கடற்கரையில் ஹாட் ராட் ஊர்வலம் நடந்தது. மூன்று மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து வரைய ஆரம்பித்தாள். அது என்ன, இது ஏன் இப்படி வளைகிறது என்று நான் சும்மா கேட்கப்போக, ஒரு மணி நேரம் பேசினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். மறுநாள் இன்னொரு கேள்வி தயார் பண்ணிக்கொண்டு போனேன்.

இப்படிக் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் எனக்கே ஆர்வம் தொற்றியது. இதை நாமே செய்தால் என்ன என்றேன். உடம்புக்கு எங்கே போவது என்றாள். பெரிய பெரிய போட்டு கட்டினவனுக்கு ஒரு கார் உடம்பு பிரமாதமா என்று கேட்டுவிட்டு, அப்போதே காத்திவாக்கத்துக்கு போன் போட்டேன்.

3

இருதயம் என் தோஸ்து. நான் வேலை கற்ற பட்டறை இப்போது அவன் கையில். ஆர்டர் குவிந்து கிடக்கிற பட்டறை. டிசம்பர், ஜனவரியில் இங்கே பள்ளிக்கு ஆறு வாரம் விடுமுறை. தாரணியின் கடைசிப் பள்ளி வருடத்துக்கு முந்தின விடுமுறையில், கௌரிக்கு லீவு கிடைக்காததால், நானும் தாரணியும் மட்டும் ஊருக்குப் போனோம். இரண்டு போட்டுக்கு நடுவே எங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தான். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"இன்னா மாமு, மட்காடு இல்ல, டாப்பு இல்ல, டோரு இல்ல. மழ பேஞ்சா இன்னா பண்ணுவே?"

"மழையில எட்க்க மாட்டேன்."

"அப்ப சரி," என்றான். அதோடு மழை பற்றிய பேச்சு முடிந்தது.

காகிதத்தில் இருந்ததை பட்டறை சிமெண்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்குப் போட்டோம். போட்டுக்கும் அப்படித்தான் போடுவது. தாரணி முட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வளைவையும் தானே இழுத்தாள். இருதயம் எதிர்ப்பக்கம் குந்திக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். முன்பக்கத்தை அவன் கடைசிவரை அணியம் என்றுதான் சொன்னான், போட்டின் முன்தலைக்குச் சொல்கிற மாதிரி.

"அணியம் தொங்குது பாப்பா. அல வந்தா மூஞ்சி குத்திக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். ரோட்டில் ஏது அலை என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

"ரோட்ல மேடு பள்ளம் இல்லியா? அங்க பூரா கண்ணாடியா போட்டு வெச்சிகிறான்?"

ஒரு பொழுது முழுக்க வழக்கு நடந்தது. கடைசியில் இரண்டு விரல் அளவு தூக்குவது என்று முடிவானது. யாருடைய இரண்டு விரல் என்று மறுநாள் புது வழக்கு. இருதயத்தின் விரல் ஒன்றுக்கு அவளுடைய விரல் இரண்டு தேறும். மூன்றாவது வாரத்தில் நான் மொழிபெயர்ப்பது தேவையில்லாமல் போனது. ஐந்தாவது வாரம் நான் கண்ணாடி நார் விரிப்பை, மேட் என்போம், வெட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் கேட்டது: "அங்கிள், இன்னா இது, நேராவா கீது? நீங்களே பாருங்க."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். கத்தரிக்கோலை மட்டும் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிளைவுட் எலும்புக்கூட்டின் மேல் பிளாஸ்டர் பூசித் தேய்த்து காரின் உருவத்தைக் கொண்டுவந்தோம். அதன்மேல் மெழுகு தடவி அச்சு எடுத்தோம். அந்த அச்சுக்குள் கண்ணாடி நார் மேட்டைப் பரப்பி, ரெசின் ஊற்றி, காற்று நிற்காமல் ரோலரால் ஓட்டினோம். அடித்தரை, பக்கம், முன், பின் எல்லாம் ஒரே வார்ப்பு. மார்கழிக் குளிரில் ரெசின் இறுகத் தாமதமாகும், அதற்கு ஏற்ற மாதிரி இறுக வைக்கிற மருந்து கலக்க வேண்டும். நார்த்தூள் பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். தாரணி சொறிந்துகொண்டே சிரித்தாள்.

டீ நேரத்தில் இருதயம் அவளுக்குத் தன் அண்ணன் சேவியர் கதையைச் சொன்னான். மற்ற பட்டறைகளில் போட்டின் அடியில் ஒரு துளை விட்டு தக்கை வைப்பார்கள், கரையில் ஏற்றியதும் பிடுங்கிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். முன்பு இந்தப் பட்டறையிலும் வைத்ததுதான். ஒரு தடவை நடுக்கடலில் சேவியரின் போட்டில் தக்கை கழன்றுவிட்டது. அடைக்க வேறெதுவும் சிக்காமல் குதிகாலை அந்தத் துளையில் வைத்து அழுத்திக்கொண்டு, கரை வரும்வரை நின்றே வந்தார். கூட இருந்தவர் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார். ஒரு வாரத்துக்கு அந்தக் குதிகால் வெளுத்து ஊறிப்போய்க் கிடந்ததாம்.

"அன்னிலேர்ந்து நம்ம பட்டறைல ஓட்ட கிடையாது பாப்பா. கஸ்டமர் கேட்டாலும் கிடையாது. ஓட்ட போட்டா அது போட்டு இல்ல, சல்லட."

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு உடம்பு அச்சிலிருந்து கழன்று வந்தது. போட்டுக்குச் செய்கிற சோதனையை இதற்கும் செய்தோம். மணல் மூட்டை மேல் தூக்கி வைத்து, ஹோஸ் போட்டு உள்ளே தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டுவைத்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. பட்டறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

"காருக்குள்ள எதுக்குத் தண்ணி ஊத்தறீங்க?" என்று தாரணி கேட்டாள்.

நானும் இருதயமும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்கிற சிரிப்பு.

விமானம் ஏறியதும் அவள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள்.

4

சென்னைத் துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற ஏஜெண்ட், போட்டுக்கு ஒரு கட்டம், காருக்கு ஒரு கட்டம், இது இரண்டில் எது என்று கேட்டார். எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, துடுப்பும் இல்லை. கடைசியில் ஃபைபர் கூடு என்று எழுதினார். இந்தப் பக்கம் வந்து இறங்கியதும், இது கடல்நீரில் கிடந்ததா, மண் ஒட்டியிருக்கிறதா என்று துறைமுக அதிகாரிகள் கேட்டார்கள். வெளிநாட்டு மண்ணுக்கு இங்கே அவ்வளவு பயம். டார்ச் அடித்துத் தேடி, ஒரு மடிப்பில் ஒரு சிட்டிகை மணலைக் கண்டுபிடித்தார்கள். காத்திவாக்கம் மணல். அதைச் சின்னப் பையில் போட்டு, நம்பர் ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மணலை என்ன செய்வார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் யோசனையாகவே இருந்தது.

பிறகு சட்டகம். ரானிடம் வெல்டிங் மெஷின் இருந்தது, நாற்பது வருட ஹாட் ராட் அனுபவமும் இருந்தது. இரும்புச் சட்டகம், சக்கர அச்சு, பிரேக், எஞ்சின் எல்லாவற்றுக்கும் சனி ஞாயிறுகளில் அவர் வழிகாட்ட, நாங்கள் செய்தோம். உடம்பைச் சட்டகத்தின் மேல் இறக்கி முடுக்கியது மட்டும் நான் தனியாகச் செய்தது. போல்ட்டு போகிற இடம், ஒயர் போகிற இடம், ஸ்டியரிங் தண்டு போகிற இடம் எல்லாவற்றையும் போட்டுக்குப் போடுகிற பசையால் அடைத்தேன். அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.

உடம்பைத் தயாரித்தவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்று பரிசோதகர் கேட்டார். இருதயம் லெட்டர்ஹெட்டில் யாரையோ வைத்து ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினான். நாங்கள் படகு கட்டுகிறவர்கள், இது எங்கள் முதல் கார், கடலில் விட்டாலும் மிதக்கும் என்று இருந்தது. பரிசோதகர் இரண்டு தடவை படித்தார். நல்லது என்றார். அவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை.

5

தண்ணீர் இறைத்த காலைக்கு வருகிறேன்.

ரான் நாயை வேலியில் கட்டிவிட்டு, காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். "துளைகள் எங்கே?" என்றார்.

"எந்தத் துளை?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். நான் வேடிக்கை பேசவில்லை என்று புரிந்திருக்க வேண்டும். திறந்த கார் என்றால் அடித்தரையில் நாலைந்து துளை இருக்கும், மழைத் தண்ணீர் வடிய. ஊருக்கே தெரிந்த விஷயம். இவ்வளவு நாளும் கூடவே இருந்தவர், துளை போட்டிருப்பேன் என்று தானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே போய்ச் சிரித்தார், தோள் குலுங்கியது தெரிந்தது.

தாரணி வெளியே வந்து பார்த்தாள். "நான் அப்பவே கேட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கேட்டாள்தான். சிரித்தோமே.

சீட்டுக்கு அடியில் வைத்திருந்த ஃபியூஸ் பெட்டியும் ஒயர்களும் குளித்திருந்தன. இரண்டு நாள் ஒவ்வொன்றாகக் கழற்றி, கௌரியின் தலை உலர்த்துகிற டிரையரால் காய வைத்தேன். அவள் ஈரத் தலையோடு டியூட்டிக்குப் போய்விட்டு வந்து அதையும் சொல்லிக்காட்டினாள். பரிசோதகருக்கு போன் பண்ணினேன். தரையில் தண்ணீர் தேங்கினால் சான்று கிடையாது என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டிரில்லை எடுத்தேன். நான்கு இடம் குறித்தேன். ஓட்டுகிறவர் காலடியில் இரண்டு, பக்கத்தில் உட்காருகிறவர் காலடியில் இரண்டு. பிட்டை வைத்து அழுத்தப் போனேன், கை போகவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இருபது வருடம் ஓட்டையை அடைத்த கை, போடு என்றால் எப்படிப் போடும்? சொன்னால் சிரிப்பீர்கள். மறுநாள் காலை பரிசோதகர் வருகிறார், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு துளையில் நிற்கிறோமே என்று அழுகைகூட வந்தது. இருதயத்துக்கு வீடியோ கால் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சேவியரு கால மறந்துட்டியா?"

"இது ரோட்ல ஓட்றது டா."

"எதுல ஓட்னா இன்னா மாமு, நம்ம கட்னது. போட்றதுன்னா போட்டுக்கோ. என் கண்ணு முன்னாடி போடாத." போனைத் திருப்பிவிட்டான். திரையில் பட்டறையின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது.

தாரணி ஷெட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வந்து என் கையிலிருந்து டிரில்லை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். நான் குறித்த இடத்தில் பிட்டை வைத்து அழுத்தினாள். வெள்ளைத் தூள் பறந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"யாரு போட்றது?" என்று கூரையிலிருந்து குரல் வந்தது.

"தாரணி."

பிறகு, "நேரா புட்ச்சிக்கச் சொல்லு. ஓரத்துக்கு ரெசின் தடவணும், இல்லாங்காட்டி தண்ணி நாருக்குள்ள ஏறிக்கும்," என்றான். கூரை நகர்ந்து அவன் முகம் வந்தது. "எங்க, காட்டு. கிட்ட காட்டு."

அவள் நான்கையும் போட்டு முடித்து, ஒவ்வொரு ஓரத்துக்கும் பிரஷ்ஷால் ரெசின் தடவினாள். அவன் அங்கிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேற்பார்வை பார்த்தான்.

6

பரிசோதகர் வந்தார். பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். கடைசியில் அதே குளியலறை பக்கெட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி, தன் கையாலேயே காருக்குள் ஊற்றி, குனிந்து பார்த்தார். நான்கு இடத்திலும் இறங்கியது. மிதக்கிற காரை நான் சான்று பண்ணியதில்லை, இனி இது மிதக்காது என்பதில் கொஞ்சம் வருத்தம்தான் என்றார். அந்தத் தடவை எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

பிளேட்டு வருவதற்குத்தான் நாள் எடுத்தது. தாரணி கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் வந்தது. திருப்புளி எடுத்து அவளே முடுக்கினாள். சாவியை நீட்டினேன். நான் ஓட்டுவதாகத்தான் மனதில் நினைத்திருந்தேன், அவளை ஓட்டச் சொல்கிறேன் என்பது நீட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. கௌரி வாசலில் நின்று போனில் படம் எடுத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, வெயில் என்று சொன்னாள்.

கடலோர ரோட்டில் ஏறியதும் எஞ்சின் சத்தத்தில் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு விரல் தூக்கிய மூக்கு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மேட்டில் ஏறி இறங்கும்போது இருதயம் சொன்ன அலை என்னவென்று புரிந்தது. தாரணியைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இந்நேரம் எங்கே இருப்பாள், யாரிடம் சார்ஜர் கேட்பாள் என்று மனதில் ஓடியது. இன்னும் ஒரு வருடம் வேலை பாக்கி இருக்கிற மாதிரி காரைச் செய்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

பாதி வழியில் மழை பிடித்தது. திரும்பலாம் என்று கையைக் காட்டினேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். மேலே, பக்கத்தில், மடியில் எல்லாம் தண்ணீர். அவள் பக்கம் விழுந்தது அப்படியே வடிந்து போனது. என் பக்கம் மட்டும் ஷூ கயிறு வரை ஏறிவிட்டது. துளை அடைத்துக்கொண்டதா என்று குனிந்து பார்த்தேன். ஒரு துளையின் மேல் என் வலது குதிகால், இன்னொன்றின் மேல் இடது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவளும் பார்த்துவிட்டாள். வண்டியை மெதுவாக்கினாள்.

"நைனா, கால எடு," என்றாள். "தண்ணி போவட்டும்."

எடுத்தேன்.